கேள்விக்குறி போட்டவனுக்கு

அன்புள்ள ரகு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, நடுவில் அதைவிட நல்ல காரணம் ஒன்று கிடைக்கும். வீட்டில் எல்லோரும் நலம். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

நாம் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தட்டச்சு செய்தோமே, உலர்த்திய செடிகளைத் தாள் தாளாக ஒட்டிவைத்த அந்த ஹெர்பேரியத்தின் பட்டியல், அது இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்து, ஏற்கப்பட்ட பெயரா, அதே செடிக்கு வைத்த செல்லாத இன்னொரு பெயரா, அதாவது இணைப்பெயரா என்று குறித்துத் தரவேண்டும். முதல் வாரம் குஷியாகத்தான் போனது. பட்டியலைக் கணினியிடம் கொடுத்தால் சரசரவென்று பொருத்திக் கொடுத்துவிடுகிறது. தக்காளி வந்தபோது உன்னை நினைத்துக்கொண்டேன். லைகோபெர்சிகான் எஸ்குலென்டம் என்று என்ன பாடுபட்டு மனப்பாடம் செய்தாய்! அது 1768-ல் மில்லர் வைத்த பெயர். இப்போது லின்னேயஸ் 1753-லேயே வைத்த சொலானம் லைகோபெர்சிகத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். உன் உழைப்பெல்லாம் இணைப்பெயர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அப்புறம்தான் வினை. அஸ்ட்ராகலஸ் ரைசாந்தஸ் என்று ஒரு வரி. கணினி சட்டென்று பொருத்தம் காட்டியது, நானும் சரி என்று தட்டிவிட்டேன். மூன்று நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தத் தாள் கையில் வந்தது. பார்த்தால் அது துருக்கிப் பக்கத்துச் செடி. கணினி சொன்னது 1835-ல் ராயில் என்ற தாவரவியலாளரின் நூலில் ஒரு இமயமலைச் செடிக்கு வைத்த பெயரை. லேபிளில் பழைய மையில் தெளிவாக ‘புவாசியே’ என்று இருக்கிறது. அவர் 1843-ல், அதே பெயரை வேறொரு செடிக்கு வைத்தவர். ஒரே பெயர் இரண்டு செடிக்கு இருந்தால் முந்தியதுதான் செல்லும். அந்த மனிதரே 1849-ல் தன் செடிக்கு அஸ்ட்ராகலஸ் காரியென்சிஸ் என்று பெயரை மாற்றிவிட்டார். அவர் எப்போதோ தீர்த்துவைத்த குழப்பத்தை நான் ஒரு தட்டில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பட்டியலில் ஆசிரியர் பெயர், அதாவது செடிக்குப் பெயர் வைத்தவரின் பெயர், இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பத்தியை ஏன் எடுத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை என்று எடுத்தோம். வாத்தியார் குதித்தபோது நீ வாயைத் திறக்காமல் திட்டு வாங்கினாய். எடுக்கலாம் என்று சொன்னது நான்தான், ரகு. இத்தனை வருஷமும் ‘ரகு செய்த வேலை’ என்றே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் சொன்ன நல்ல காரணம் இதுதான். இப்போது திட்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொருத்தத்தையும் தாளோடு வைத்துப் பார்க்கிறேன். கடைசியில் ஒன்றும் சொல்ல முடியாத பெயர்கள் ஒரு கட்டு மிஞ்சியிருக்கின்றன. இதில் நான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை என்பது ஒரு ஆறுதல். 2013-ல் ‘தி பிளான்ட் லிஸ்ட்’ என்ற உலகத் தாவரப் பெயர்ப் பட்டியல் வெளியிட்ட கணக்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சிற்றினப் பெயர்கள் இருந்தன. ஏற்கப்பட்டவை சுமார் 3,50,000. ஏற்கவும் முடியாமல் இணைப்பெயர் என்று ஒதுக்கவும் முடியாமல் நின்றவை 2,42,000-க்கு மேல்! இவற்றில் எத்தனையோ பெயர்களுக்குச் சிக்கல் என்று ஒன்றும் கிடையாது, யாரும் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். சிலவற்றுக்கு லத்தீனில் இரண்டு வரி விவரிப்புதான் இருக்கிறது. ‘இலை முட்டை வடிவம், பூ வெள்ளை’ என்றால் எந்தச் செடியைப் போய்ப் பிடிப்பது?

வகைமாதிரித் தாள், அதாவது பெயர் வைத்தபோது அதற்கு ஆதாரமாக வைத்த செடியின் தாள், இருந்தால் அதை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லையே. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தபோது எத்தனை வகைமாதிரிகள் போயின! சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மெக்பிரைட் 1929-லிருந்தே அங்கே போய்த் தாள் தாளாகப் படம் எடுத்துவைத்திருந்தார். பல செடிகளுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் இன்று மிச்சம். ஆனால் படத்தில் இருக்கும் பூவைப் பிரித்துச் சூலறையைப் பார்க்க முடியுமா?

இங்கே என்னிடம் கேட்பவர்களுக்கு இதெல்லாம் கதை. காலிக் கட்டமே இருக்கக்கூடாதாம். “கிட்டத்தட்ட எது பொருந்துகிறதோ அதைப் போடுங்களேன்” என்கிறார்கள். போட்டுவிடலாம், ஒரு மத்தியான வேலைதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் என்றைக்காவது யாராவது ஒருவன் சந்தேகப்பட்டுத் தாளை எடுத்துப் பார்ப்பான். ஏதோ ஒரு பெயரைப் போட்டு மூடிவிட்டால் அப்புறம் எவன் எடுக்கப்போகிறான்? நாளைக்கு அந்தப் பெயரை வைத்துத்தான் ஒருவர் இந்தச் செடி இன்னும் எங்கே மிச்சம் இருக்கிறது என்று எண்ணுவார், இன்னொருவர் அதன் இலையில் மருந்து தேடுவார். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கிழவனாகிவிட்டேன் என்று நீ சிரிப்பாய். சிரி.

‘தீர்வாகவில்லை’ என்று எழுதி, ஏன் தீரவில்லை என்று பக்கத்திலேயே ஒரு வரியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சண்டை வரும். வரட்டும்.

அந்தக் கட்டில் உன் தாள் ஒன்றும் இருக்கிறது. உன் கையெழுத்தில் பேரினம் மட்டும் மையில் இருக்கிறது. சிற்றினப் பெயர் பென்சிலில், அதற்குப் பின்னால் பெரிதாக ஒரு கேள்விக்குறி. பழம் இல்லை, பூ நொறுங்கிப்போய்விட்டது. படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ பறித்தபோது அது பச்சையாக, முழுசாக இருந்திருக்கும். எதைப் பார்த்து அந்தப் பெயரை எழுதினாய்? எழுதிய கையோடு எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டாய்? பூவின் நிறமா, பாலா, வாசனையா, ஞாபகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. ஞாபகம் இல்லையென்றால் அதையும் எழுது, ஆனால் எதையாவது இட்டுக்கட்டி மட்டும் எழுதாதே.

அன்புடன்,
சேது