ஒல்லியான மாமாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். "உன் மகளிடம் உடம்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொன்னதில் என்ன தப்பு? நம் வீட்டுப் பிள்ளை என்கிற உரிமையில்தானே சொன்னேன்" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் அனுப்பியிருந்தால் சண்டையாகியிருக்கும். நேரில் பேசினால் என்னைச் சிரிக்கவைத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் போடாமல் பொதுவில் வெளியிடட்டுமா என்று கேட்டபோது, "போட்டுக்கொள், எவன் படிக்கப்போகிறான்" என்றீர்கள். உங்களைப் போல ஒரு மாமா இல்லாத வீடு ஏது? யாராவது படிப்பார்கள்.

அந்தக் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நீங்களும் அத்தையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தீர்கள். ஜாங்கிரி வந்தது. பரிமாறியவர் உங்கள் இலையில் இரண்டு வைத்தார். அத்தையின் இலைக்கு வந்ததும் தயங்கினார். எதிர்வரிசையிலிருந்து யாரோ, "அவங்களுக்கு வேண்டாம்பா, சர்க்கரை இருக்கும்" என்று அவருக்கு உதவி செய்தார்கள். பந்தியே சிரித்தது. அத்தையும் சிரித்தார். உண்மையில் சர்க்கரை உங்களுக்குத்தான். அத்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்; எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கிறது. முழங்கால் வலி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தியில் ஜாங்கிரியைத் தவிர்த்திருக்க வேண்டியவர் யார்? நீங்கள் இரண்டையும் சாப்பிட்டீர்கள் மாமா.

என் மகளிடம் நீங்கள் அதைச் சொன்னது இதற்குச் சற்று நேரம் கழித்து, கை கழுவும் இடத்தில்.

உங்கள் சர்க்கரை எப்படித் தெரியவந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. அதற்குமுன் நீங்கள் இன்னும் கொஞ்சம் மெலிந்தபோது, "வயதாகியும் உடம்பை எப்படி வைத்திருக்கிறார் பார்" என்று உங்களைக் காட்டி மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். மருத்துவர் முடிவைச் சொன்னதும், "ஒல்லியான ஆளுக்கு எங்கிருந்து சர்க்கரை வரும்?" என்று நீங்கள் அவரிடமே வாதாடினீர்கள். நெடுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். உங்கள் உடல்வாகைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தைக்கோ தும்மினால்கூடச் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக்கொடுக்கிறார்கள்.

இது உங்கள் ஒருவரின் கதை இல்லை. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. அதில் இரண்டு மருத்துவர்கள் நிற்கிறார்கள்: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யட்கின். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். யாஜ்னிக்கின் குழுவினர் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள். புனே வட்டாரக் கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளின் பருமனும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு என்னும் இந்த வாகோடுதான் நம்மில் பலர் பிறக்கிறோம். ஒல்லியாக இருப்பதால் ஆரோக்கியம் என்று நம் நாட்டில் யாரும் நெஞ்சை நிமிர்த்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த பி.எம்.ஐ.யின் வரலாறும் வேடிக்கையானது. 1830-களில் அந்தக் கணக்கைப் போட்டவர் அடால்ஃப் கெத்லே என்கிற பெல்ஜியக்காரர். அவர் மருத்துவரல்ல, வானியலாளர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று மக்கள்தொகையைப் புள்ளிவிவரங்களால் விவரிக்க முயன்றவர். ஒருவரை நிற்கவைத்து நீ நோயாளி என்று சொல்வது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. 1972-ல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டிப் பரப்பினார். 1998-ல் அமெரிக்கா அதிக எடைக்கான பி.எம்.ஐ. எல்லைக்கோட்டை 25-க்கு இறக்கியபோது, ஒரு கிராம்கூட ஏறாமலே இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுள்ளவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். இந்தியர்களுக்கு அந்தக் கோடும் பொருந்தாது என்று 2009-ல் நம் மருத்துவர்கள் 23 என்று வைத்தார்கள். கூடவே, இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டக்கூடாது என்றும் சொன்னார்கள். உங்கள் வேட்டிக்குமேல் எட்டிப்பார்க்கும் அந்தச் சின்னத் தொந்தியை, "அது காற்று" என்பீர்களே, அதை ஒருநாள் தையல்காரரின் நாடாவால் அளந்து பாருங்கள். பிறகு பேசுவோம்.

எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் முந்தைய சுற்றில் 30.9 சதவீதம், 2019-21 சுற்றில் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறார்கள். அதே 2019-21 சுற்றில் எட்டில் ஒரு பெண் தேவைக்கும் குறைவான எடையோடு இருக்கிறாள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் இத்தனை பேருக்கு ஒரேயடியாக நாக்கு நீண்டுவிட்டதா, சோம்பல் பிடித்துக்கொண்டதா? சாப்பிடுகிற எண்ணெய் மாறியது, செய்கிற வேலை மாறியது, தூங்கும் நேரம் மாறியது, நடந்துபோன தெருவில் நடக்க இடமில்லாமல் போனது. ஒரு மாநிலத்துக்கே நேர்ந்ததைப் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் தலைமுறை ஏன் உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறது என்பது எனக்குப் புரியாமலில்லை. அரிசிப் பஞ்ச காலத்தில் வளர்ந்தவர் நீங்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி ஆட்சி மாறியதற்கு ஒரு காரணமாக இருந்தது என்றால், எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும்! அந்த நாளில் "இளைத்துவிட்டாயே" என்று ஒருவர் சொன்னால், சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்று பொருள். 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் கைக்குழந்தைகளை மாதாமாதம் தராசில் போட்டு நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குத் தனியாகச் சத்துமாவு கொடுத்தார்கள். எடை குறைந்திருக்கிறது என்று சொன்ன கை உடனே ஓர் உருண்டையையும் நீட்டியது. நீங்கள் என் மகளுக்கு எதை நீட்டினீர்கள்?

அந்தக் காலத்துப் பெண்களுக்குப் 'பூசினாற்போல' இருப்பது அழகு. நான் சிறுமியாக இருந்தபோது உப்பிய, மெத்தென்ற இட்லிக்குக் குஷ்பு இட்லி என்று ஊரே பெயர் வைத்துக் கொண்டாடியது. அவருக்குக் கோவில்கூடக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் சிம்ரன் வந்தார், அந்த இடுப்பு இல்லாத பெண்களெல்லாம் இரவோடிரவாகக் குண்டாகிப்போனார்கள். நானும் அதில் ஒருத்தி. என் உடம்பு அப்படியேதான் இருந்தது. சினிமாவில் சிரிக்கவைக்க ஓமக்குச்சி நரசிம்மனின் மெலிந்த உடம்பும் பயன்பட்டது, உசிலைமணியின் பருத்த உடம்பும் பயன்பட்டது. ஆக, நாம் ஒல்லியானவர்களை விட்டுவைத்தோம் என்றும் சொல்ல முடியாது. என் தம்பியை நோஞ்சான், காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று நீங்கள் கேலிசெய்ததில் அவன் கல்லூரி முடியும்வரை அரைக்கைச் சட்டை போட்டதில்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் சொன்னதில்லை.

ஆனால் இரண்டு கேலிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளை மெலிந்தால் வீட்டைக் குற்றம் சொல்கிறோம்: அம்மா சரியாகப் போடுவதில்லை, விடுதிச் சாப்பாடு சரியில்லை, மாமியார் வீட்டில் கொடுமை. கல்யாணமான பெண் முதல் ஆடிக்குத் தாய்வீடு வரும்போது கன்னத்தைப் பார்த்தே சம்பந்தியின் குணத்தைக் கணித்துவிடுகிறார்கள். பிள்ளை பருத்தாலோ குற்றவாளி அந்தப் பிள்ளைதான். வாயைக் கட்டத் தெரியாதவள், உடம்பு வணங்காதவள், எந்தக் கடையில் அரிசி வாங்குகிறீர்கள் என்று கேட்டுச் சிரிக்கத் தகுந்தவள். முன்பு ரயில் நிலையங்களில் விளக்குகள் சுழலும் எடை எந்திரம் இருக்கும், ஞாபகமிருக்கிறதா? காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் குணபலனும் அச்சடித்த அட்டை வந்து விழும். எந்திரங்கள் அநேகமாகப் போய்விட்டன, எடையைப் பார்த்துக் குணம் சொல்கிற வேலையை உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். திருமணத் தகவல் படிவத்தில் படிப்பு, சம்பளம், நட்சத்திரத்தோடு 'உடல்வாகு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பும்போது பொய் சொல்லாத பெற்றோர் குறைவு என்று நினைக்கிறேன்.

"சொன்னால்தானே குறைப்பார்கள்" என்பது உங்கள் கட்சி. சொன்னால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டுமுறை பார்த்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. முதல்முறை பருமனாக இல்லாதவர்களில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாகப் பருமனானவர்கள் பட்டியலுக்குப் போயிருந்தார்கள். இதிலிருந்து இழிவுதான் எடையைக் கூட்டியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இழிவு யாரையும் இளைக்கவைத்துவிடவில்லை என்பது தெரிகிறதல்லவா?

இளைத்தவர்களின் கதையும் எளிதானதல்ல. அதே நாட்டில், வேகமாக எடை குறைப்பதையே போட்டியாக நடத்திய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு பரிசோதித்தது. பெரும்பாலோருக்குப் போன எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. அதைவிடக் கொடுமை, ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த உடம்புக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்துபோயிருந்தது. பட்டினியைக் கண்ட உடம்பு கஞ்சத்தனம் பழகிக்கொள்கிறது. மனத்திடம் இருந்தால் முடியும் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அத்தனை பேர் பார்க்க ஓடிக் காட்டியவர்களுக்கா மனத்திடம் இல்லை?

உங்கள் ஒல்லி உங்கள் சாதனை அல்ல மாமா. தாத்தாவும் அப்படித்தான் இருந்தார், நம் குலத்து ஆண்கள் அத்தனை பேரும் அப்படித்தான். என் மகள் தன் அப்பா வழிப் பாட்டியின் அச்சு. அந்தப் பாட்டியையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாற்று நட்டு, களை பறித்து, பொழுதெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்தும் அவருடைய உடம்பு இறங்கியதே இல்லை.

அன்று நீங்கள் சொன்னபிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டாள். பள்ளிக்குக் கொண்டுபோன டப்பா பாதி திரும்பி வந்தது. கேட்டால், "பசிக்கவில்லை" என்றாள். மாலையில் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டை அறைக்குள் எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள், அதை மறைத்தாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டை ஒளித்துச் சாப்பிட்ட ஆள் அதுவரை இல்லை. அவளை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எடையைக் குறித்துக்கொண்ட அந்த அம்மா, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எப்போது தூங்குகிறாய், என்ன விளையாடப் பிடிக்கும் என்று கேட்டார். நீச்சல் என்றாள். எனக்கே தெரியாது.

விஷயம் இவ்வளவுதான். அரையாண்டு விடுமுறைக்கு அவள் உங்கள் ஊருக்கு வர ஆசைப்படுகிறாள். உங்கள்மீது அவளுக்குக் கோபம் இல்லை, எனக்குத்தான் மிச்சம் இருக்கிறது. கூடத்தில் வைத்திருக்கும் எடைக் கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். அவள் தட்டைப் பார்க்காதீர்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றும் வேண்டாம், போதும் என்றும் வேண்டாம். பம்புசெட் கிணற்றில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே, அவளுக்கும் கற்றுக்கொடுங்கள். நீந்தினால் உடம்பு இறங்கும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது நீங்களும் அத்தையும் இரண்டு நாள் எங்களோடு தங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் கண்ணாடி மாற்றியதையே கண் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அத்தை சொன்னார். இங்கே நேரம் வாங்கி வைக்கிறேன். கண்ணில் மருந்து விட்டால் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்குமாம், அதனால் தனியாகப் போக வேண்டாம், நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்