மூன்றாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்களில் டிவிக்கு அடுத்த இடத்தைப் பிடிப்பது சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி. அனேகமாக எல்லாவற்றிலும் 'டால்பி அட்மாஸ்' முத்திரை; தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் முறை அது. மழை தலைக்கு மேல் பெய்யும், ஹெலிகாப்டர் கூரையைச் சுற்றும் என்று கடைக்காரரும் சொல்லி அனுப்புகிறார். வீட்டில் அது நடக்குமா என்பதைப் பெட்டியின் மேல் ஒட்டிய முத்திரை தீர்மானிப்பதில்லை. கூரை எவ்வளவு உயரம், சோபா எங்கே கிடக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. பணம் கொடுக்கும் முன் டேப் எடுத்து அளக்க வேண்டியவற்றை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் எண்கள். 5.1.2 என்று போட்டிருந்தால் 5 என்பது காது மட்டத்தில் சுற்றி வைக்கும் ஸ்பீக்கர்கள், 1 சப்-வூஃபர் (அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர்), 2 தலைக்கு மேலிருந்து ஒலிக்க வேண்டியவை. மூன்றாவது எண் இல்லாமல் வெறும் 2.1 அல்லது 3.1 என்று இருந்தால், அந்தக் கருவி அட்மாஸ் ஒலித்தடத்தைப் படிக்கும்; மேலே அனுப்ப அதனிடம் ஸ்பீக்கர் கிடையாது. முன்னால் இருக்கும் ஸ்பீக்கர்களை வைத்தே மேலிருந்து வருவது போன்ற பிரமையை உண்டாக்கப் பார்க்கும். முத்திரை பொய்யில்லை, ஆனால் வாங்குபவர் நினைத்துக்கொண்டு வருவது அதுவல்ல. விளம்பரத்தில் 'அட்மாஸ்' என்ற சொல்லின் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், இந்த மூன்று எண்களையும் அச்சிட வேண்டும் என்று தங்களைப் போன்ற நாளிதழ்கள் விளம்பரதாரர்களைக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

திரையரங்குகளுக்கு 2012இலும் வீடுகளுக்கு 2014இலும் வந்த இந்த முறையில், பழைய 5.1 போல 'இந்த ஓசை இந்த ஸ்பீக்கருக்கு' என்று எல்லாவற்றையும் கட்டி வைப்பதில்லை. பல ஓசைகள் தனித்தனிப் பொருள்களாக, தாம் அறையில் நிற்க வேண்டிய இடக்குறிப்போடு பயணிக்கின்றன. நம் வீட்டில் எந்தெந்த இடத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று பார்த்து ரிசீவர் (ஒலித்தடத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) அதைப் பங்கிடுகிறது. ஆகவே ஸ்பீக்கரை ஓர் இடத்தில் மாட்டிவிட்டு ரிசீவரின் மெனுவில் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தால் பங்கீடு தப்பாகத்தான் வரும். தலைக்கு நேர் மேலே மாட்டியதை 'டாப் மிடில்' (மேலே நடுவில்) என்று சொல்லாமல் 'ஃப்ரண்ட் ஹைட்' (முன்சுவரில் உயரே) என்று விட்டுவைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? இடமா வலமா என்பதை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை சட்டென்று கணித்துவிடும். மேலா கீழா என்பதற்கு அந்த வசதி இல்லை. இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. காது மடலின் மடிப்புகள் உச்ச அலைவரிசைகளில் உண்டாக்கும் சிறு மாற்றம்தான் பெரும்பாலும் தடயம். உயரத்தை உணர்வதில் நம் காது கொஞ்சம் மந்தம். அதனால் சுவரின் மேல் மூலையில் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு மேலிருந்து கேட்கும் என்று எதிர்பார்த்தால் காது ஒத்துக்கொள்ளாது.

இப்போது கணக்கு. நம் ஊர் அடுக்கக ஹாலில் கூரை சுமார் 10 அடி. சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து மூன்றரை அடி. இடையில் ஆறரை அடி. இரண்டே மேல் ஸ்பீக்கர் என்றால் அவை காதிலிருந்து 65 முதல் 80 பாகை ஏற்றத்தில் இருப்பது நல்லது. அதாவது உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இல்லாமல், டிவி பக்கமாக ஒன்று முதல் மூன்று அடி முன்தள்ளி. பக்கவாட்டில் முன் இடது, வலது ஸ்பீக்கர்களின் நேர்கோட்டில் வந்தால் போதும். நான்கு மேல் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் முன் இரண்டு 45 பாகை, பின் இரண்டு 135 பாகை. அதாவது ஆறரை அடி முன்னால், ஆறரை அடி பின்னால். 12 அடி ஹாலில் சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கும்போது பின்னால் ஆறரை அடிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். அத்தகைய ஹாலில் 5.1.4 என்று விற்பவர் அறையைப் பார்க்காமல் விற்கிறார். 5.1.2 போதும்.

மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் வகை தனிக்கதை. நிறைய சவுண்ட்பார்களிலும், ஸ்பீக்கர் மேல் வைக்கும் சிறு பெட்டிகளிலும் இருப்பது இதுதான். தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். ஏழரை அடி முதல் 12 அடி உயரத்துக்குள் இருப்பது நல்லது. ஓட்டு வீட்டின் சாய்வுக் கூரையில் ஒலி வேறெங்கோ போய்விடும். தட்டுத் தட்டாக இறக்கி, மரப்பட்டைகள் அடித்த ஃபால்ஸ் சீலிங்கில் சிதறிவிடும். கான்கிரீட் தளமோ தட்டையான ஜிப்சமோ என்றால் சரி. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 12 அடி ஹாலில் சவுண்ட்பாருக்கும் காதுக்கும் நடுவே ஒலி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டிய புள்ளி கிட்டத்தட்ட அறையின் மையம். அங்கே என்ன தொங்குகிறது? 48 இன்ச் ஃபேன். போகும்போதும் வரும்போதும் றெக்கை குறுக்கிடுகிறது. காற்றுச் சத்தம் வேறு, மெல்லிய மேல் ஓசைகளை விழுங்கிவிடுகிறது. ஏசி போட்டு ஃபேனை நிறுத்திப் படம் பார்க்கும் வீட்டில் இந்த வகை ஓரளவு பலன் தரும். மற்ற வீடுகளில் கூரையில் மாட்டும் ஸ்பீக்கர்தான் வழி, இல்லாவிட்டால் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

கூரையில் மாட்டும்போதும் ஃபேனைக் கவனிக்க வேண்டும். றெக்கை மையத்திலிருந்து இரண்டு அடி வரை வீசும். ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். நூல் றெக்கை சுற்றும் வட்டத்தைத் தொடக்கூடாது. தளம் பொதுவாக நான்கு, ஐந்து இன்ச் கனம்தான். ஃபேனிலிருந்தும் விளக்கிலிருந்தும் சுவிட்ச்போர்டுக்குப் போகும் பைப் அதற்குள்ளேயே ஓடுகிறது. அந்த வழியைத் தவிர்த்து, மெயினை அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும். ஒன்றரை, இரண்டு இன்ச் ஆழம் போதும். கம்பி தட்டினால் அதையே குடையாமல் ஒரு இன்ச் தள்ளிப் போடவும். மேலே மொட்டை மாடி என்றால் ஆழத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும், மழைக்காலத்தில் தெரியும். பிளாஸ்டிக் பிளக்கை நம்பாமல் இரும்பு ஆங்கர் போட்டு, தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியையும் கட்டிவிடுங்கள். ஜிப்சம் பலகையில் மட்டும் எடையைத் தொங்கவிடக்கூடாது.

வயருக்கு ஆடம்பரம் வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 அடி வரை, வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். மலிவு வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசி விற்பதும் உண்டு. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சிவப்பு, கறுப்பு முனைகளை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒலி எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் கலைந்து கேட்கும். பலர் அதைத்தான் 'சரவுண்ட்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பழைய பழக்கம், பக்க ஸ்பீக்கர்களை ஏழடி உயரத்தில் மாட்டுவது. 5.1 காலத்தில் அது தாங்கியது. மேலே தனி ஸ்பீக்கர் வந்த பிறகு பக்க ஸ்பீக்கர்கள் காது மட்டத்துக்கு, அல்லது அதற்குச் சற்றே மேலே, இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி இல்லாவிட்டால் பக்கத்து ஓசையும் மேல் ஓசையும் ஒன்றாகக் குழம்பும்.

எல்லாம் சரியாக மாட்டியும் மேலே சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி இணைப்புதான். ஆப்டிகல் கேபிள் வழியாக அட்மாஸ் வராது. டிவியின் ஆப்களில் வரும் அட்மாஸுக்கு எச்.டி.எம்.ஐ. ஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) போதும், புளூ-ரே தட்டின் இழப்பில்லாத ஒலியை டிவி வழியாகக் கொண்டுவர ஈ-ஆர்க் (ஆர்க்கின் திறன் கூடிய புதிய வடிவம்) வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிடலாம். டிவியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) இருந்தால் 'பாஸ்-த்ரூ' (வந்தபடியே அனுப்புவது) அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்றவும். நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் சந்தா இல்லாமல் அட்மாஸ் கிடையாது. ரிசீவரின் முகப்பில் 'அட்மாஸ்' என்ற எழுத்து வராத வரை, மேலே கேட்பது ரிசீவர் தானாக ஊகித்துப் பிரித்துத் தருவது.

ஸ்பீக்கர்களின் ஒலி அளவைச் சரிசெய்ய, ரிசீவரோடு வரும் மைக் வைத்து அளவிடும்போது ஃபேன், ஏசி, பிரிட்ஜ் சத்தம் இருக்கக்கூடாது. மைக்கைச் சோபாவின் மேல் போடாமல் ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்த வேண்டும். அளந்து முடிந்ததும் மேல் ஸ்பீக்கர்களின் அளவை இஷ்டத்துக்கு ஏற்றிவைக்காதீர்கள். நல்ல ஒலிக்கலவையில் மேலே எப்போதாவதுதான் ஓசை வரும். சந்தேகம் இருந்தால் ரிசீவரை அணைத்து, மற்ற ஸ்பீக்கர்களின் வயரை மட்டும் கழற்றிவிட்டு, மெனுவைத் தொடாமல், ஒரு அட்மாஸ் படத்தைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மேலே உண்மையில் எவ்வளவு வருகிறது என்பது தெரிந்துவிடும். சில படங்களில் ஏமாற்றமாகவும் இருக்கும்.

ஆக, யாருக்கு இது தகும்? வாரம் இரண்டு புதிய படமாவது ஓ.டி.டி.யில் பார்க்கிற, கூரையில் துளை போடச் சம்மதிக்கிற வீட்டுக்கு, இரண்டு ஸ்பீக்கரின் செலவு தகும். மழை, கூட்டத்தின் இரைச்சல், கோயில் மண்டபத்தின் எதிரொலி போன்றவற்றில் அறை விரிவது தெளிவாகத் தெரியும். சீரியலும் செய்தியும் ஓடும் வீட்டுக்கு வீண். பழைய படங்களின் ஒலித்தடமோ அனேகமாக மோனோ. பணம் குறைவென்றால் முதலில் நல்ல சென்டர் ஸ்பீக்கர் (வசனம் பெரும்பாலும் அதில்தான்), பிறகு சப்-வூஃபர், பிறகு பக்கங்கள், கடைசியாகக் கூரை. மலிவான 5.1.2 பெட்டியைவிடத் தரமான 5.1 எப்போதும் மேல். ஏழு சேனல் ரிசீவராக வாங்கி ஐந்தை இப்போது பூட்டினால், மீதி இரண்டு கூரைக்காகக் காத்திருக்கும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன், சோபா வரப்போகும் இடத்துக்கு இரண்டடி முன்னால், ஆறேழு அடி இடைவெளியில் இரண்டு வயரிங் பெட்டிகளும், அங்கிருந்து டிவி சுவருக்கு 25 மில்லிமீட்டர் பைப்பும் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடக்கூடாது. அன்றைக்கு அது எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
வீட்டு ஒலியமைப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்