எரிவாயுக் குழாய்களின் அதிர்வைக் கணிக்கும் திறமூல மென்பொருளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

பிஸ்டன் கம்ப்ரசர்களோடு இணைந்த எரிவாயுக் குழாய்களில் எழும் அழுத்தத் துடிப்பையும், அத்துடிப்பால் குழாய்களுக்கு நேரும் அதிர்வையும் முன்கூட்டியே கணித்துச் சொல்லும் நம் திறமூல மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. எவரும் இலவசமாகப் பெற்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சமன்பாட்டையும் படித்துப் பார்த்து, தேவைக்கேற்ப மாற்றி, மீண்டும் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடுதான் இப்பதிப்பும் வருகிறது. இத்திட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பதால், கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது என் கடமை. யார் எதைக் கொடுத்தார்கள், அது ஏன் பெரிது என்பதையும் சொன்னால்தான் நன்றி முழுமையாகும் என்று கருதுவதால் இம்மடல் சற்று நீளும்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் கம்ப்ரசர் வாயுவைச் சீராக அனுப்புவதில்லை, விட்டுவிட்டுத் தள்ளுகிறது. நிமிடத்திற்கு 600 சுற்று ஓடும் கம்ப்ரசரில், பிஸ்டனின் இரு பக்கமும் வாயுவை அழுத்துமானால், நொடிக்கு 20 தள்ளல்கள், அதாவது 20 ஹெர்ட்ஸ் துடிப்பு குழாய்க்குள் செல்லும். வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முனை மூடிய 5 மீட்டர் கிளைக் குழாயின் இயல்பு அதிர்வெண்ணும் சரியாக 20 ஹெர்ட்ஸாகவே அமைகிறது. பாதுகாப்பு வால்வுக்குச் செல்லும் கிளை அந்த நீளத்தில் இருந்துவிட்டால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, துடிப்பு பன்மடங்கு பெருகி, மூடிய முனையில் உட்கார்ந்திருக்கும் அந்த வால்வின் மீதே உச்சமாக விழும். 50 பார் அழுத்தமுள்ள குழாயில் அரை பார் துடிப்பு என்பது நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆயினும் 200 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் மூடிய முனையில் அது சுமார் 1,570 நியூட்டன் விசையாகிறது. ஏறத்தாழ 160 கிலோ எடைக்கு நிகரான அந்த விசை, நொடிக்கு இருபது முறை, இரவு பகலாக ஆட்டிக்கொண்டே இருந்தால், அருகில் பற்றவைத்திருக்கும் சிறு விட்டக் குழாய்கள் உலோகச் சோர்வால் விரிசல் விட அதிக காலம் பிடிக்காது. உள்ளே இருப்பது எரிவாயு என்பதை நினைத்தால், கணக்கைக் கட்டுமானத்திற்கு முன்பே செய்துவிட வேண்டிய அவசியம் புரியும்.

இக்கணக்கு நெடுங்காலமாகச் சில நிறுவனங்களின் விலையுயர்ந்த மென்பொருள்களுக்குள்ளேயே இருந்துவந்தது. அவற்றை உருவாக்கியவர்களின் அறிவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1950களில் டெக்சஸ் மாநிலத்தின் சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில், வாயுவின் நிறைக்குப் பதிலாக மின்தூண்டிச் சுருளையும், அதன் அமுங்கும் தன்மைக்குப் பதிலாக மின்தேக்கியையும் வைத்து, முழுக் குழாய் அமைப்பையும் மின்சுற்றாகவே கட்டிப் பார்த்தவர்கள் தொடங்கி வைத்த மரபு அது. நாம் இன்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் முன்னோடிகள். ஆனால் முடிவாக வரும் எண்ணை மட்டும் பார்க்க முடிந்து, அது எப்படி வந்தது என்பதைப் பார்க்க முடியாத நிலையில், ஒரு இளம் பொறியாளர் இத்துறையைக் கற்றுக்கொள்வது கடினம். அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்காகவே இத்திட்டம் தொடங்கியது.

என் முதல் நன்றி, ஓடும் கம்ப்ரசர்களின் அருகே நின்று அளந்த பதிவுகளை நமக்குக் கொடுத்தவர்களுக்கு. நிரலை யாரும் எழுதிவிடலாம். அது சொல்வது உண்மையா என்று சொல்லத்தக்கது அளவீடு ஒன்றே. அவர்களுள் ஒரு பொறியாளர் அம்மையார் அனுப்பிய பதிவைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். கம்ப்ரசரின் வேகத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் துடிப்பைப் பதிவு செய்ததோடு, அளந்த இடத்தில் வாயுவின் வெப்பநிலை, அதன் கலவை, வால்வுகளின் நிலை ஆகிய அனைத்தையும் அவர் குறித்துவைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயிலிருந்து அழுத்த உணரி வரை செல்லும் மெல்லிய இணைப்புக் குழலின் நீளத்தையும் அளந்து எழுதியிருந்தார். அதன் நீளம் ஒரு மீட்டர். மூடிய முனையுள்ள ஒரு மீட்டர் குழல், நொடிக்கு 400 மீட்டர் ஒலிவேகத்தில், தானே 100 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். 20 ஹெர்ட்ஸின் ஐந்தாம் மடங்கு அது. அவருடைய பதிவில் 100 ஹெர்ட்ஸில் தெரிந்த உயரமான கோட்டுக்குக் காரணம் அந்தக் குழலே. அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாதிருந்தால், குழாயில் இல்லாத துடிப்பைத் தேடி மென்பொருளை வளைத்திருக்க நேர்ந்திருக்கும். இப்போது உணரியின் இணைப்புக் குழலையும் சேர்த்துக் கணக்கிடும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அதற்கு வித்திட்டவர் அவர். ஆலையின் அடையாளங்களை நீக்கிவிட்டு இத்தரவுகளை வெளியிட அனுமதித்த நிறுவனங்களுக்கும் தலைவணங்குகிறேன். அனுமதி மறுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்து, நாம் தோளேறி நிற்கும் பிற திறமூலத் திட்டங்கள். ஒலியின் வேகத்தை லட்சிய வாயுவின் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால், உயர் அழுத்தத்தில் விலகல் வரும். ஒலிவேகம் நூற்றுக்கு ஐந்து பங்கு மாறினால் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் அதே அளவு நகர்ந்துவிடும். குழாய் தானே அசைந்தாடும் இயல்பு அதிர்வெண்ணுக்கும் அதை ஆட்டும் துடிப்பின் அதிர்வெண்ணுக்கும் இடையே குறைந்தது 20 சதவீத இடைவெளி வேண்டும் என்று பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 618 தரம் கேட்கும்போது, அந்த இடைவெளியில் கால் பங்கை ஒலிவேகப் பிழைக்கே இழப்பது நியாயமாகாது. வாயுக்களின் பண்புகளைக் கணக்கிடும் கூல்ப்ராப் நிரல் நூலகத்தை உருவாக்கியவர்களும், இயற்கை எரிவாயுவின் பண்புகளைத் தரும் ஏஜிஏ 8 சமன்பாடுகளின் நிரலைப் பொதுவில் வைத்த அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் நிறுவனத்தாரும் இச்சிக்கலைத் தீர்த்துக் கொடுத்தார்கள். அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குகளுக்கு, பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy), சைப்பை (SciPy) நூலகங்கள் இல்லாமல் நம்மால் ஓரடியும் வைத்திருக்க முடியாது. துடிப்பின் விசையைக் குழாயின் அசைவாக மாற்றும் பகுதியில், பிரான்சின் இடிஎஃப் நிறுவனம் 2001இல் திறமூலமாக வெளியிட்ட கோட் ஆஸ்டர் என்னும் கட்டமைப்புக் கணிப்பு மென்பொருள் நமக்கு ஒப்பீட்டுக் கல்லாக விளங்குகிறது.

சோதனைகளை எழுதிய மாணவர்களுக்கு என் நன்றி தனியே உரியது. வெளியே தெரியாத வேலை அது. ஒவ்வொரு குழாய்த் துண்டையும் நாம் இரண்டுக்கு இரண்டு அணியாகக் குறிக்கிறோம். ஒரு முனையின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் மறுமுனையோடு அது இணைக்கிறது. வாயு ஓடாமல் நிற்கும் நிலையில் அந்த அணியின் அணிக்கோவை (டிடெர்மினன்ட்) எந்த அதிர்வெண்ணிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எளிய விதிதான், ஆயினும் ஒவ்வொரு உறுப்புக்கும், ஒவ்வொரு முறை நிரல் மாறும்போதும் தானாக ஓடி அதைச் சரிபார்க்கும் சோதனையை அவர்கள் எழுதிவைத்ததால்தான், புதிய பங்களிப்பை நான் அச்சமின்றி ஏற்றுக்கொள்ள முடிகிறது. இரு கலன்களை ஒரு குறுகிய குழல் இணைக்கும் துடிப்பு வடிகட்டிக்கு, கையால் போட்ட கணக்கையும் மென்பொருளின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பயிற்சிப் பாடமும் அவர்கள் கைவண்ணமே.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா ஒருவர், தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் எழுதிய மதிப்பாய்வுகள் எனக்குப் பாடநூலாக இருந்தன. குழாயின் குறுக்கே வைக்கும் துளையுள்ள ஆரிஃபிஸ் தகட்டை எங்கே வைத்தாலும் துடிப்பு தணியும் என்று பலரும் நினைக்கிறார்கள். வாயு வேகமாக முன்னும் பின்னும் அசையும் இடத்தில் வைத்தால்தான் தகடு ஆற்றலை உறிஞ்சும். மூடிய முனையருகே, அசைவே இல்லாத இடத்தில் வைத்தால் அது சும்மாதான் இருக்கும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். தகட்டின் தணிப்பு அதன் வழியே செல்லும் ஓட்டத்தைப் பொறுத்து மாறுவதால், ஒரே எண்ணை எல்லா நிலைக்கும் பொருத்தக் கூடாது என்றும், விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தணிப்புக்காக நாம் கொடுக்கும் விலை நிரந்தர அழுத்த இழப்பு, அதாவது கம்ப்ரசரை ஓட்டக் கூடுதல் மின்சாரம் என்பதை அறிக்கையில் துடிப்பின் பக்கத்திலேயே காட்டச் சொன்னதும் அவரே. என் பார்வையில், இப்பதிப்பின் மிகப் பயனுள்ள மாற்றம் அதுதான்.

கையேட்டைச் செப்பனிட்டவர்கள், வெவ்வேறு இயங்குதளங்களில் நிறுவும் கோப்புகளைத் தயாரித்தவர்கள், சேவையகச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் அனைவருக்கும் நன்றி. பிழையைத் தெரிவிக்கும்போது, முழு ஆலையின் வரைபடத்தை அனுப்பாமல், அதே பிழையைக் காட்டும் மூன்று குழாய்த் துண்டுகள் கொண்ட சிறு உள்ளீட்டுக் கோப்பைத் தயாரித்து அனுப்பியவர்கள் எங்கள் உழைப்பை எவ்வளவு மிச்சப்படுத்தினார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இம்மென்பொருளின் விடையை ஆலையில் பயன்படுத்துவோர், அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரின் ஒப்புதல் பெற்றே பயன்படுத்த வேண்டும்; கம்ப்ரசரை இயக்கிய பிறகு ஒருமுறையாவது அளந்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டை, இசைந்தாலும் இசையாவிட்டாலும், எங்களுக்கும் அனுப்பித் தாருங்கள். இசையாத பதிவுகள் எங்களுக்கு இன்னும் மதிப்பு மிக்கவை.

பெயர் வெளியிட இசைந்தவர்கள் அனைவரின் பெயர்களும் மென்பொருளோடு வரும் பங்களிப்பாளர் கோப்பில், அவரவர் செய்த பணியின் குறிப்போடு இடம்பெற்றிருக்கின்றன. எவருடைய பெயரேனும் விடுபட்டிருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள், உடனே சேர்க்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
திட்டப் பராமரிப்பாளர்