அந்த 1,07,000 ரூபாய் கார்டு எங்கே? கிராபிக்ஸ் கார்டு விநியோகஸ்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இறக்குமதியாளர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும், சரக்கை உங்களிடம் கொடுத்துவிட்டு விலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் உங்கள் பக்கம் கைகாட்டும் கார்டு நிறுவனங்களின் இந்திய அலுவலகங்களுக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வணக்கம்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். போன வாரம் சென்னையில் உங்கள் சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஒரு தம்பி என் கிராபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டரில் படம், வீடியோ வேலையைச் செய்யும் பாகம்) கையில்கூட வாங்காமல், "இது இந்தியா சீரியல் இல்ல சார்" என்று திருப்பி அனுப்பினார். அன்று இரவு பஸ்ஸிலேயே இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் என் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. இந்தக் கதை கவுண்டரில் ஆரம்பிக்கவில்லை, விலையில் ஆரம்பித்தது.

2025 ஜனவரி 30 அன்று என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு வெளிவந்தது. அமெரிக்காவில் 999 டாலர், இந்தியாவில் 1,07,000 ரூபாய் என்று என்விடியாவே அறிவித்தது. அந்த நேரத்தில் டாலர் சுமார் 87 ரூபாய். அப்படியானால் 999 டாலர் என்பது ஏறக்குறைய 86,900 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். அதைக் கூட்டினால் 1,02,500 வருகிறது. மீதி நாலாயிரத்துச் சொச்சம் கப்பலுக்கும் கிடங்குக்கும் போகட்டும். ஆக அறிவித்த விலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேள்வி ஒன்றுதான்: அந்த விலைக்கு யார், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு விற்றார்கள்?

நான் அப்போது விசாரித்ததைச் சொல்கிறேன். கடலூரில் ஸ்டாக்கே வராது, அட்வான்ஸ் கட்டினால் வரவழைத்துத் தருவார்கள். பாண்டியில் 1,48,000. சென்னை ரிச்சி தெருவில் 1,45,000, அதுவும் கூடவே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையும் கேபினெட்டும் வாங்கினால்தான். டெல்லி நேரு பிளேஸில் போனில் கேட்டதற்கு 1,38,000 என்றார்கள், பில் வேண்டாம் என்றால் இன்னும் நாலாயிரம் குறைப்பார்களாம். பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ஒரே கார்டு, ஒரே பெட்டி, ஒரே நாடு.

பாண்டிக் கடைக்காரர் நல்ல மனிதர். பெட்டியைத் திருப்பி உங்கள் ஸ்டிக்கரைக் காட்டினார். இறக்குமதியாளர் பெயர், மாதம், அதன் கீழே எம்ஆர்பி 1,92,000. "பாருங்க சார், எம்ஆர்பியிலேர்ந்து நாப்பத்தி நாலாயிரம் குறைச்சுத்தான் தர்றேன்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதிகபட்ச விலையை அச்சிடச் சொல்லும் சட்டம் எங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. நீங்கள் அதையே தள்ளுபடி போர்டாக மாற்றிவிட்டீர்கள். துணிக்கடைக்காரராவது ஆடி வரைக்கும் பொறுத்திருப்பார்.

ஏன் இவ்வளவு என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "கஸ்டம்ஸ் ட்யூட்டி சார்." ஐயா, உங்களுக்குத் தெரியாததா? இந்தியா 1997இல் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி கணினிப் பாகங்களுக்கு அடிப்படைச் சுங்கவரி கிடையாது. துறைமுகத்தில் நீங்கள் கட்டுவது ஜிஎஸ்டி, அதையும் விற்கும்போது கழித்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஊருக்கு விலை வித்தியாசம் ஒன்றும் புதிதில்லை. ஜிஎஸ்டி வந்த 2017க்கு முன்னால் டிவியோ ஃபிரிட்ஜோ வாங்க வேண்டுமென்றால் கடலூர்க்காரன் பாண்டிக்குத்தான் வண்டி கட்டுவான், அங்கே வரி குறைவு. என் அப்பா நேரு வீதியில் 21 இன்ச் கலர் டிவி வாங்கி, அட்டைப் பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு, டிவிக்குப் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி வாடகை அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் என்ன இருக்கு என்று கேட்டதற்கு, "ரிப்பேருக்குப் போய்ட்டு வருது சார்" என்று சொன்னாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அங்கே பாட்டில் மட்டும்தான் தேடுகிறார்கள். அந்தக் காலத்து வித்தியாசத்துக்கு வரி என்று ஒரு பெயர் இருந்தது. அறிவித்த விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் இருக்கும் இந்த 41,000 ரூபாய்க்கு என்ன பெயர்? சொன்னால் நானும் அப்பாவைப் போல ஒரு போர்வை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

உண்மையில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். டல்லாஸில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வருவதாகச் சொன்னான். அங்கேயும் தட்டுப்பாடுதான், விடியற்காலையில் கடை வாசலில் வரிசையில் நின்று 999 டாலருக்கு வாங்கினான். அந்த ஊர் வரி 8.25 சதவீதம் சேர்த்து நம் கணக்கில் 94,000. சித்திக்கு சென்ட், பிள்ளைகளுக்கு சாக்லேட் எதுவும் வேண்டாம், கார்டு மட்டும் கொண்டு வா என்று கெஞ்சினேன். சித்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சென்னை விமான நிலையத்தில் அவன் மறைக்காமல் சொல்லி, அப்போது இருந்த 50,000 ரூபாய் சலுகை போக மீதிக்கு 38.5 சதவீதம், கிட்டத்தட்ட 17,000 கட்டினான். நாலு லட்ச ரூபாய் லேப்டாப்பைத் தோளில் மாட்டி வந்தால் வரி இல்லை, கார்டைத் தனியாகக் கொண்டு வந்தால் உண்டு. அது வேறு அலுவலகத்துக்கு எழுத வேண்டியது, விடுங்கள். மொத்தம் 1,11,000 ஆயிற்று. டல்லாஸ் கடைக்காரர் லாபம், அந்த ஊர் வரி, நம் ஊர் சுங்கம் எல்லாம் ஒன்றுவிடாமல் கட்டிய பிறகும் பாண்டியில் கேட்ட விலையைவிட 37,000 குறைவு. கன்டெய்னரில் மொத்தமாக இறக்கும் உங்களால் முடியாதது, கைப்பெட்டியில் ஒன்றே ஒன்று கொண்டுவந்த என் தம்பியால் எப்படி முடிந்தது?

பத்து மாதம் கார்டு தங்கமாக ஓடியது. மாசி முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருந்தபோது திரையில் கட்டம் கட்டமாகப் பச்சையும் ஊதாவும் வர ஆரம்பித்தது. பண்ருட்டிக் கல்யாணம் ஒன்று, மூன்று கேமரா, எல்லாம் 4கே. தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை முகம் பாதி பச்சை. இரண்டு மூன்று தடவை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், அப்புறம் திரை வரவே இல்லை. பழைய கார்டைத் தேடி எடுத்து மாட்டினேன். முன்னே 25 நிமிஷத்தில் முடிந்த ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) இப்போது நாலு மணி நேரம், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

பெட்டியில் மூன்று வருட வாரண்டி என்று போட்டிருக்கிறது. கார்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு காலை நாலு மணி பஸ் ஏறினேன். கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டு, வந்த நேரத்தில் பாதியை மறுபடி ஊருக்குள் போகச் செலவழிக்க வைக்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு கடிதம் மனதில் இருக்கிறது. சரி. கவுண்டரில் அந்தத் தம்பி சீரியல் நம்பரைத் தட்டினார், மானிட்டரை என் பக்கம் திருப்பினார். நாடு என்ற கட்டத்தில் யுஎஸ்ஏ என்று இருந்தது. "அமெரிக்காவுக்கு அனுப்பினா பார்த்துக் குடுப்பாங்க சார்." போக வர கூரியர், திரும்பி வரும்போது அதற்கு எவ்வளவு சுங்கம் கேட்பார்களோ. அறுபது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் மதர்போர்டோடு நின்றிருந்தார், அவருடையது துபாய். இருவரும் கீழே இறங்கி டீ குடித்தோம்.

பொருள் செய்வது ஒரே நிறுவனம், வாங்கும் பணமும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. பழுதாகும்போது மட்டும் கார்டுக்கு நாடு முளைக்கிறது. வாரண்டி இந்தியாவில் வாங்கினால்தான் என்று சொல்வது உங்கள் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தியாவில் வாங்க விடுங்கள். 1,07,000 என்று சொன்னால் 1,07,000க்குக் கொடுங்கள். கார்டைக் குளிர்விக்கும் கூலரைப் பெரிதாக வைத்து, விளக்கு போட்டு ஐயாயிரம் பத்தாயிரம் கூட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு, அதை நான் கேட்கவில்லை. நாற்பதாயிரத்துக்கு எத்தனை விளக்கு போடுவீர்கள்?

2021இல் கார்டுகளை வைத்து ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறார்கள் என்று சொன்னீர்கள், நம்பினோம். 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் ஈத்தரியம் அமைப்பு கார்டே தேவையில்லாத முறைக்கு மாறியது. அப்புறம் ஏஐ என்றீர்கள், அதையும் நம்பினோம். காரணம் மாறுகிறது, ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை. கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இதுதான் ஐயா. அடுத்த கார்டு வெளிவரும் நாளில், அறிவித்த இந்திய விலைக்கே விற்கும் கடைகளின் பெயரை ஊர்வாரியாக வெளியிடுங்கள். அந்தப் பட்டியலில் சென்னையோடு நிறுத்தாமல் கடலூரோ பாண்டியோ ஒன்று இருக்கட்டும். ஒரே ஒரு கார்டு வந்தாலும் போதும், நான் முதல் ஆளாக வந்து பில் போட்டு வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் சொன்னால் நல்லது. பண்ருட்டிப் பெண்ணின் அப்பா இன்று காலையும் போன் செய்தார்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்