ஜூனில் நட்டதில் ஏப்ரலில் எத்தனை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பிறந்தால் உங்கள் பக்கங்களில் மரக்கன்று நடும் படங்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. தொப்பி, கையுறை, சிரிப்பு, நடுவில் ஒரே ஒரு கன்று. அதை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தப்பில்லை, நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் அதே கன்று அடுத்த ஏப்ரலில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு படமும் போட்டதில்லை. அந்தக் குறையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாலக்காடு சாத்தபுரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். எங்கள் ஊர் நதியை வீட்டில் ஆறு என்போம், கடைக்கு வரும் மலையாளத்துக்காரர்களிடம் புழை என்போம். மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு எல்லாம் கூடிக் கல்பாத்திப் புழையாகி, பரளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. அந்தக் கரையை ஒட்டி அரை ஏக்கர்கூட வராத ஒரு காடு இருக்கிறது. பெயர்கூடக் கிடையாது. புங்கன், நீர்மருது, மூங்கில், இடையில் யாரோ வீசிய மாங்கொட்டையிலிருந்து வளர்ந்த இரண்டு மாமரம். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் ஷட்டரைத் திறந்து ஊருக்குள் தண்ணீர் வந்ததே, அது வடிந்தபோது மரக்கிளை எல்லாம் பிளாஸ்டிக் தொங்கியது. அதை எடுக்கத்தான் முதலில் போனோம். அப்புறம் சனிக்கிழமை காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, கடை திறப்பதற்கு முன்னால், பழக்கமாகிவிட்டது. பத்துப் பேர் என்று கணக்கு. மழை பெய்தால் நாலு.

முதல் வருடம் நாங்கள் நல்லது செய்ததைவிடக் கெடுத்ததுதான் அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள்.

மரங்களை மூடிக்கொண்டு ஒரு கொடி படர்ந்திருந்தது. மைக்கானியா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. இங்கே அதற்கு திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர். பீமன் என்று நினைத்து இரும்புச் சிலையைக் கட்டித் தழுவி நொறுக்கினானே, அந்தத் தழுவல். வெயிலை மறைத்தே மரத்தைக் கொன்றுவிடும். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கையாயிற்றே, நறுக்கு நறுக்கென்று வெட்டி, கட்டுக் கட்டாக ஆற்றில் தள்ளினேன். அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால், கீழே இரண்டு வளைவு தாண்டி, அதுவரை அந்தக் கொடி இல்லாத கரையில் தளதளவென்று நிற்கிறது. அதன் ஒவ்வொரு கணுவும் ஈரமண்ணைத் தொட்டால் வேர் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கொடியை நூறு விதைக்கரணையாக்கி நானே தண்ணீரில் அனுப்பியிருக்கிறேன். இப்போது வேரோடு பிடுங்குகிறோம், அதுவும் பூப்பதற்கு முன்னால். பிடுங்கியதை மண்ணில் படாமல் பாறையில் காயப்போடுகிறோம்.

சருகு கதையும் அப்படித்தான். வாசல் பெருக்குகிற புத்தியில் காட்டையும் பெருக்கித் தீ வைத்தோம். எங்களோடு வரும் தாவரவியல் படித்த பெண் ஒருத்தி, "அக்கா, காட்டுக்கு எதுக்கு வாசல் தெளிக்கறீங்க?" என்று கேட்டாள். சருகுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மண்புழுவும் பூரானும் அதற்கடியில்தான் இருக்கின்றன, அவற்றைத் தேடித்தான் பறவை வருகிறது. பட்டுப்போன மரம் ஒன்றை வெட்டப் போனபோதும் அவள்தான் தடுத்தாள். அடுத்த தை மாதம் அந்த மரத்தில் குக்குறுவான் பறவை பொந்து குடைந்தது. கரையில் செங்குத்தாக நிற்கும் மண் திட்டைச் சரித்து அழகுபடுத்துகிறவர்களும் உண்டு. மீன்கொத்தி அந்தத் திட்டில்தான் கை நீளத்துக்கு வளை தோண்டி முட்டையிடும்.

எல்லாவற்றிலும் மோசம் பிளீச்சிங் பவுடர். கல்பாத்தித் தேர்த் திருவிழா முடிந்து நவம்பரில் ஒரு குழு படித்துறையைக் கழுவ வந்தது. பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். மூட்டை மூட்டையாகத் தூவிவிட்டுப் போனார்கள். ஓட்டம் இல்லாமல் தேங்கி நிற்கிற தண்ணீரில் குளோரின் இறங்கினால் மீன் என்ன செய்யும்? மறுநாள் காலையில் வெள்ளையாக மிதந்தன.

சரி, கன்று விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஜூனில் நாற்பது நட்டோம். ஏப்ரலில் ஒன்பது இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற காற்று தெரியுமல்லவா, தை மாசி முழுக்க மண்ணிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்கு மேல் பங்குனி வெயில். அணைத் தண்ணீர் வாய்க்காலில் வயலுக்குப் போய்விடும், ஆறு அங்கங்கே குட்டையாக நிற்கும். அந்த நாளில் குடம் தூக்க யார் வருகிறார்கள்? அடுத்த வருடம் பதினைந்துதான் நட்டோம், ஆளுக்கு ஒன்று இரண்டு என்று பிரித்துக்கொண்டோம். பன்னிரண்டு பிழைத்தது. என் பங்கு ஒரு புங்கன். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

குனிய முடியாதவர்களும் வரலாம். முழங்கால் வலிக்கார மாமி ஒருவர் படித்துறையில் உட்கார்ந்து நோட்டில் பறவை எழுதுகிறார். அது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் எண்ணிக் கொடுத்துத்தான் கேரளப் பறவை வரைபடமே உருவானது. பொறுக்கிய பிளாஸ்டிக்கை வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் இங்கே விளையாட்டு இல்லை. பூட்ஸ், கையுறை வேண்டும். முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரையைப் பற்றி சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு வர வேண்டும்.

எங்களால் ஆகாதது ஆகாயத்தாமரை. வாரக் கணக்கில் இழுத்துக் கரையில் போடுகிறோம், மறுமாதம் மூடிக்கொள்கிறது. சாக்கடை அதற்குச் சோறு போடும்வரை அப்படித்தான். அந்தக் குழாய்களைத் திருப்ப வேண்டியது நாங்கள் இல்லை. தன்னார்வலர்கள் இருக்கிறார்களே என்று திருப்ப வேண்டியவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்தால், சில சனிக்கிழமை நாங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது. அதையும் நீங்கள் எழுத வேண்டும்.

ஜூனில் நடுவிழாப் படம் போடும்போது எந்தக் கரை, எத்தனை கன்று என்று குறித்து வையுங்கள். ஏப்ரலில் அதே இடத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். எங்கள் கரையிலிருந்தே தொடங்கலாம். வருகிறவரைப் பூட்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள், இரண்டு குடம் தண்ணீரும் தூக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாத்தபுரம், பாலக்காடு.