ரோகி அருவியில் மீன் இல்லாத மாதம்

அக்கா,

நாளை அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. நான் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன், சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

காரியத்தன்று எல்லார் முன்னாலும் கேட்டாயே, "அந்தக் குளிரில் அவரை எதுக்குடா அருவிக்குக் கூட்டிப்போனே?" என்று. நான் கூட்டிப்போகவில்லை. அவர்தான் கேட்டார். ஸ்காட்லாந்தில், இந்த இன்வர்னஸில் டிசம்பர் என்றால் மூன்றரைக்கே பொழுது சாய்ந்துவிடும். நான் வேலைக்குப் போனால் அவருக்கு ஜன்னல்தான் துணை. சரி, காரை ஓட்டியது நான்தான்.

அல்லாபூல் போகிற சாலையில் காண்டின் தாண்டியதும் ரோகி அருவி. கார் நிறுத்துமிடத்திலிருந்து சின்ன நடைதான், ஆனாலும் பாதையெல்லாம் உறைபனி. என் கையைப் பிடிக்கவில்லை. உன் குரங்குக் குல்லாவோடு தொங்கு பாலத்தின் நடுவில் போய் நின்றார். பாறை ஓரங்களில் பனி கம்பி கம்பியாகத் தொங்கியது. ஆற்றின் பெயரே பிளாக் வாட்டர். மேலே சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி மண் ஊறி அந்த நிறம். "டிகாஷன்டா!" என்று சிரித்தார். பொதுப்பணித்துறைக்காரர் இல்லையா, அருவியை விட்டுவிட்டுப் பக்கத்தில் சால்மன் ஏறுவதற்கு வைத்த மீன்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொட்டியாக விரல் நீட்டி எண்ணினார்.

"மீன் எப்போ ஏறும்?"

"ஆகஸ்ட் வாக்குல."

"அப்போ ஆகஸ்ட்ல வர்றேன்."

"டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமாப்பா?" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் எண்ணவில்லை. இது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னேன். இல்லை, பாதிதான் விளையாட்டு. மன்னித்துவிடு என்று உன்னிடம் ஏன் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. இங்கே இருந்த ஒரு மாதத்தில் நீ எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார், அக்கா. எண்ணிக்கையைச் சொல்லமாட்டேன்.

இந்த ஆகஸ்டில் எனக்கு விடுப்பு இருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. நாளைக்குப் போகிறேன். மீன் இருக்காது.

குல்லாவை நீ தேடியதாக அம்மா சொன்னாள். அது என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.