அண்ணாச்சியின் கவர் நம்பர்

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்ளே,

நீ சட்டம் போடக் கேட்ட உன் அப்பா படம் கிடைத்துவிட்டது. மூன்று இருக்கின்றன. நீ போனில் கேட்டபோது "ராத்திரியே அனுப்புறேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன் இல்லையா, அந்த ராத்திரி பதினோரு ராத்திரியாகிவிட்டது. நீ மறுபடி போன் செய்து கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. வீட்டில் ஆறு ஹார்டு டிஸ்க். ஒன்று அடுக்களைப் பரணில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. திறந்தால் 'நியூ', 'நியூ 2', 'கல்யாணம் பைனல்', 'பைனல் பைனல்', 'அப்புறம் பார்க்கணும்'. இந்த 'அப்புறம் பார்க்கணும்' நாலு டிஸ்கில் இருந்தது. ஒன்றுக்குள் அதே பெயரில் இன்னொன்று. கேமராவோ 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து தொடங்கிவிடும். அதனால் 0412 என்று தேடினால் ஐந்து படம் வருகிறது. ஒன்றில் செம்பூர் மாப்பிள்ளை, ஒன்றில் செவ்ரி சேற்றில் நிற்கும் பூநாரை, ஒன்றில் நம் 90 அடி ரோட்டில் வரிசையாகப் பொங்கல் வைக்கும் பெண்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி ஸ்டூடியோ அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் அவரிடம் வேலை பழகி, ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்து நாற்றத்தோடு நாம் வீட்டுக்குப் போன காலம். ஒவ்வொரு நெகட்டிவ் கவரிலும் நம்பர் போட்டு, நீள நோட்டில் தேதி, நம்பர், பெயர், ஊர் என்று எழுதுவாரே. எட்டு வருஷம் கழித்து ஒருவர் வந்து "பழைய பாஸ்போர்ட் போட்டோ இருக்கா" என்று கேட்டால், வந்தவர் உட்கார்வதற்குள் கவர் மேஜைமேல் இருக்கும். நான் ஒருமுறை இரண்டு கவரை மாற்றி வைத்ததற்கு, தீபாவளிக்கு முதல் நாள் ஒரு அலமாரி முழுவதையும் அடுக்க வைத்தார். நீ வெடி வாங்கப் போய்விட்டாய், துரோகி.

டிஜிட்டல் வந்ததும் அந்தப் பழக்கமெல்லாம் போயிற்று. கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்கும் என்ற நினைப்பு. அண்ணாச்சி காலத்தில் ரோலுக்கு 36 படம், சாமர்த்தியம் இருந்தால் 38. இப்போது ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் அமுக்குகிறோம். 24 மெகாபிக்சல் கேமராவில், பிடித்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலாக எடுத்தால் எழுபது, எண்பது ஜிபி. நோட்டு அன்றைக்கு வேண்டியிருந்ததைவிட இன்றைக்குத்தான் அதிகம் வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

சரி, முதலில் எல்லாவற்றையும் ஒரே பெரிய டிஸ்குக்கு ஏற்றினேன், லேமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள், அப்புறம் விசேஷம், இந்த வரிசைதான். நாள் எண்ணை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகப் போய் நின்றுகொள்ளும். எடுத்த தேதியும் நேரமும் எக்ஸிஃப் தகவலாக ஒவ்வொரு படத்துக்குள்ளேயே இருப்பதால் என் ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்கவில்லை.

பாப்பாவுக்குக் காது குத்திய நாளை மைனி "வைகாசி கடைசி ஞாயிறு, 2011" என்று சரியாகச் சொல்லியிருந்தார்கள். காலண்டர் பார்த்தேன், ஜூன் 12. அந்த ஃபோல்டர் காலி! என் வயிறு கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் 2008 ஜனவரி 1-ல் முந்நூறு படம் கூடிக் கிடப்பதைப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் எல்லாரும் வேர்த்து வழிகிறார்கள், பின்னால் சாஸ்தா கோயில் ஆலமரம். அந்தப் பழைய கேமராவின் உள் பேட்டரி செத்து, தேதி அங்கேயே போய் நின்றிருக்கிறது. படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் மொத்தப் படத்தின் நேரத்தையும் ஒரே தட்டில் நகர்த்தலாம், நகர்த்தினேன். இப்போதெல்லாம் வேலைக்குப் போனதும் நானும் கூட வரும் தம்பியும் ஒரே போனின் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்கிறோம், பிறகு இரண்டு கேமரா நேரத்தையும் ஒத்துப் பார்க்க. அவன் கேமரா 47 நிமிஷம் பிந்தி ஓடி, ஒரு ஆல்பத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே பந்தி முடிந்திருந்தது.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஃபோல்டர்களை விண்டோஸில் இழுத்துப் போட்டேன். லைட்ரூமைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் கேள்விக்குறி. அது படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை மாப்ளே. படம் எங்கே இருக்கிறது, என்ன திருத்தம் செய்தோம் என்ற குறிப்பு மட்டும் கேட்டலாகில் இருக்கும். அதாவது அண்ணாச்சி நோட்டு. நோட்டில் எழுதாமல் கவரை மாற்றி வைத்தவன் நான், இந்த வயதிலும்! ஒவ்வொரு ஃபோல்டராகக் கைகாட்டிக் கொடுத்து மீட்டேன். இனி நகர்த்துவதென்றால் லைட்ரூமுக்குள்ளேயேதான்.

எடிட்டிங்கும் பாதியாகக் குறைந்துவிட்டது. முன்பு ஒவ்வொரு படமாகத் திறந்து நிறம் திருத்திக்கொண்டு விடியற்காலை மூன்று மணி வரை உட்கார்வேன். இப்போது முதல் சுற்றில் எந்தத் திருத்தமும் கிடையாது. கேப்ஸ் லாக்கைப் போட்டுக்கொண்டு, வேண்டியதற்கு பி, வேண்டாததற்கு எக்ஸ், அதுவே அடுத்த படத்துக்குப் போய்விடும். பிறகு மணவறை வெளிச்சம், பந்தி வெளிச்சம், வாசல் வெளிச்சம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படத்தைத் திருத்தி, அதே திருத்தம் மற்றவற்றுக்கும் போக சிங்க் கொடுக்கிறேன். மாட்டுங்கா மண்டபங்களில் மஞ்சள் விளக்கும் வீடியோக்காரர் வெள்ளை விளக்கும் முகத்தில் சண்டை போடும், அதற்கு மட்டும் கை வைக்க வேண்டும். "பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்பவர்களுக்கு இப்போது முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆர்டர் போயிற்று, போகட்டும்.

பேக்கப் விஷயத்தில் மட்டும் நான் யோக்கியன், 2005 ஜூலை 26 சொல்லிக் கொடுத்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே. தரைத்தள அறையில் இடுப்பளவு தண்ணீரில் என் சிடிகள் மிதந்ததை உனக்கு எழுதியிருக்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் ஒரு கணக்கு சொல்வார். என் வெளியூர், முலுண்டில் மச்சினன் வீட்டு நாலாவது மாடி.

இப்போது உன் படங்கள். இரண்டு நன்றாக இருக்கின்றன, அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் கேமராவைப் பார்க்கிறார். மூன்றாவதில் காது குத்தும் நேரம் பாப்பா உதைக்க, அப்பா வாய் விட்டுச் சிரிக்கிறார். படம் ஆடியிருக்கிறது. அன்றைக்கு நான் அதற்கு எக்ஸ் போட்டிருக்கிறேன். எக்ஸ் போட்டதையெல்லாம் அழிக்க ஒரு கட்டளை போதும். சோம்பலில் அழிக்காமல் விட்டிருக்கிறேன். இத்தனை ஒழுங்கும் அன்றைக்கே என்னிடம் இருந்திருந்தால் அந்தப் படம் இப்போது இல்லை. இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் எக்ஸ்களை ஒரு வருஷம் வைத்திருந்து அழிப்பதாகவும், நம் ஆட்கள் இருப்பதைத் தொடுவதில்லை என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

மூன்றையும் வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்பியிருக்கிறேன். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீயும் யாருக்காவது அனுப்புவதானால் அப்படியே செய். சட்டம் போட எதை எடுப்பது என்று மைனியிடம் கேள். அந்த ஆடிய படம்தான் என்றால் 5-க்கு 7 அங்குலத்துக்கு மேல் போகாதே, மேட் பேப்பரில் போடச் சொல்.

உன்
மச்சான்